வீட்டில் கிட்டாருக்கு என்.சி. லேக்கர் அடிப்பது: தின்னர் கலப்பதிலிருந்து பாலிஷ் வரை

முதல் கிட்டாருக்கு லேக்கர் (மரத்தின் மேல் பளபளப்பாக நிற்கும் பூச்சு) அடித்து முடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. இரண்டு தடவை அடித்ததையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு மரத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். இரண்டாவது கிட்டார் ஏழு வாரத்தில் முடிந்தது. கை அதற்குள் பெரிதாகப் பழகிவிடவில்லை. எதற்கு அவசரப்படக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. ஸ்பிரே கன்னைப் பிடித்து அடிக்கும் வேலை மொத்தத்தில் இரண்டு மூன்று மணி நேரம்தான். பாடி, அதாவது கிட்டாரின் உடல், கெட்டுப் போவது அதற்கு முன்னால் கலக்கும் இடத்திலும், பின்னால் காத்திருக்க வேண்டிய இடத்திலும்.

இது திட மரத்தில் செய்த எலெக்ட்ரிக் கிட்டார் பாடியை மனத்தில் வைத்து எழுதியது. அக்கூஸ்டிக்குக்கும் பெரும்பாலும் பொருந்தும், ஆனால் அதில் பலகை மெல்லியது, பிரிட்ஜ் ஒட்டும் இடத்தில் லேக்கர் படக் கூடாது, பூச்சும் இன்னும் மெல்லியதாக இருக்க வேண்டும். முதல் முயற்சியை அதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

1. வாங்குவதற்கு முன் இரண்டு தாள்களைப் படியுங்கள்

லேக்கர் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் அதற்கு இரண்டு தாள்கள் வெளியிடுவார்கள். ஒன்று தொழில்நுட்பத் தாள், இன்னொன்று பாதுகாப்புத் தாள். இரண்டும் இலவசம். டப்பா வாங்கும் முன்பே பதிவிறக்கிப் படித்துவிடுங்கள்.

தொழில்நுட்பத் தாளில் பார்க்க வேண்டியவை: எந்தத் தின்னர் (லேக்கரைத் தளர்த்தும் கரைப்பான்), எந்த விகிதம், அடிக்கும்போது பதம் எவ்வளவு (கோப்பையில் எத்தனை வினாடி என்று இருக்கும்), ஒரு கோட்டுக்கும் (ஒரு சுற்றுப் பூச்சுக்கும்) அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி, எந்த சீலரோடு (லேக்கருக்கு முன் மரத்தில் அடிக்கும் அடிப்பூச்சு) ஒத்துப்போகும். பாதுகாப்புத் தாளில் தீப்பற்றும் வெப்பநிலையும், எந்த வகை முகக்கவச கார்ட்ரிட்ஜ் வேண்டும் என்பதும் இருக்கும்.

நான் இந்தத் தாள்களைப் பார்க்காமல் "லேக்கர் என்றால் லேக்கர்தானே" என்று ஒரு டப்பாவை வாங்கி வந்தேன். வந்தது மரச்சாமான்களுக்கான, ஆசிட் ஊற்றிக் கலக்க வேண்டிய இரட்டைக் கலவை. பெயர் கிட்டத்தட்ட ஒன்றே, வேதியியல் வேறு. உங்களுக்கு வேண்டியது நைட்ரோசெல்லுலோஸ், அதாவது என்.சி. லேக்கர். தின்னர் ஆவியானதும் படலமாக நிற்கும், புதுக் கோட் பழைய கோட்டைக் கொஞ்சம் கரைத்து அதோடு கலந்துவிடும், நாளைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அதே லேக்கரால் சரிசெய்யலாம். பி.யு. (பாலியூரித்தேன்) எனப்படும் இரட்டைக் கலவை கெட்டியானதுதான், ஆனால் அதன் ஹார்டனரில், அதாவது இறுக வைக்கும் பாகத்தில், நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கும். சாதாரண கார்ட்ரிட்ஜ் கவசத்தை நம்பி வீட்டில் அடிக்கிற பொருள் அது இல்லை.

அனுப்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. லேக்கரும் தின்னரும் யு.என். 1263 என்ற எண்ணின் கீழ் தீப்பற்றும் திரவமாக வகைப்படுத்தப்பட்டவை. விமானப் பார்சலுக்குக் கடும் கட்டுப்பாடுகள் இருப்பதால் பெரும்பாலும் தரை வழியாகத்தான் வரும், தாமதமாகும். எல்லாம் கையில் வந்து சேர்ந்த பிறகு மரத்தைத் தேயுங்கள். தேய்த்த மரம் இரண்டு வாரம் சும்மா கிடந்தால் தூசும் கை எண்ணெயும் ஏறிவிடும். வாடகை வீடாகவோ அடுக்குமாடியாகவோ இருந்தால், இவ்வளவு தின்னரை வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

2. எவ்வளவு வாங்குவது, எதில் மிச்சம் பிடிப்பது

ஒரு பாடிக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு லிட்டர் லேக்கர் தாராளம். தின்னர் மூன்று லிட்டர் வாங்குங்கள். ஒரு லிட்டர் கலக்கப் போகும், மீதி கன்னைக் கழுவியே தீர்ந்துவிடும். சீலர் கால் லிட்டர். எனக்கு ஒரு கோட்டுக்கு, கலந்த பிறகு, 100 முதல் 150 மில்லி வரை செலவானது.

தின்னரில்தான் எல்லோரும் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள், நானும் பார்த்தேன். மலிவாகக் கிடைக்கும் தின்னர் பல கன் கழுவுவதற்காகவே செய்தவை. பழைய கரைப்பான்களை மீட்டெடுத்துக் கலந்திருப்பார்கள், சிலவற்றில் நீர் இருக்கும். கழுவ அது போதும். கலக்க, லேக்கரின் தாளில் சொன்ன தின்னரையே வாங்குங்கள். இரண்டு டப்பாவிலும் பெரிய எழுத்தில் "கழுவ", "கலக்க" என்று எழுதி ஒட்டிவையுங்கள், வேலை நடுவில் கண் ஏமாற்றும். டர்பன்டைனையும் மண்ணெண்ணெயையும் தின்னருக்குப் பதிலாக ஊற்றவே கூடாது. லேக்கர் திரிந்து கட்டி கட்டியாகிவிடும்.

கன் வாங்கும்போது விழுகிற பள்ளம் வேறு மாதிரி. எச்.வி.எல்.பி. (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) கன் லேக்கரைக் குறைவாக வீணாக்கும் என்று படித்துவிட்டு ஒரு பெரிய கன்னை வாங்கினேன். அது நிமிடத்துக்குப் பத்துக் கன அடிக்கு மேல் காற்று கேட்டது. என் சின்ன கம்ப்ரஸரால் மூன்றுக்கு மேல் தர முடியவில்லை. பாதிப் பலகையைத் தாண்டும்போதே அழுத்தம் இறங்கி, தூவலாக வந்தது பொட்டுப் பொட்டாகக் கொட்ட ஆரம்பித்தது. கம்ப்ரஸர் தரும் காற்றின் அளவை முதலில் பார்த்து, அதற்குள் அடங்கும் கன்னை வாங்குங்கள். சின்ன கம்ப்ரஸர் என்றால் 1.0 மி.மீ. நாசில் போட்ட மினி கன் போதும். பெரிய கம்ப்ரஸர் இருந்தால் 1.3 அல்லது 1.4.

கம்ப்ரஸர் இல்லவே இல்லையென்றால் ஸ்பிரே கேனில் வரும் என்.சி. லேக்கர் இருக்கிறது. பாடிக்கு மட்டும் இரண்டு மூன்று கேன் பிடிக்கும், கலக்கும் தொல்லையும் கழுவும் தொல்லையும் கிடையாது. ஒரே ஒரு கிட்டார்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் கணக்குப் பார்த்தால் கேன்தான் லாபம். அடிக்கும் முன் கேனை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் தூவல் மெல்லியதாக வரும். கொதிநீரோ அடுப்போ கூடாது, கேன் வெடிக்கும்.

3. மூச்சு, தீ

துணி முகக்கவசமோ தூசிக் கவசமோ கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரித்தூள் அடைத்த, கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் அதன் முன்னால் துகள் வடிகட்டியும் உள்ள அரைமுகக் கவசம் வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் காற்றுப் புகாத பையில் போட்டுவையுங்கள். வெளியில் கிடந்தால் கார்ட்ரிட்ஜ் சும்மாவே ஆவியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். கவசத்தை மாட்டிய பிறகும் வாசனை வந்தால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது, அல்லது முகத்தில் சரியாகப் பொருந்தவில்லை. தாடி இருந்தால் பொருந்தாது.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போகும். பக்கத்து அறையில் எரியும் அடுப்பு, கேஸ் கீசரின் சின்னச் சுடர், ஃபிரிட்ஜ் மோட்டார், சாதாரண டேபிள் ஃபேன் மோட்டாரின் பொறி, எதுவும் போதும். தின்னர்களில் வழக்கமாக இருக்கும் அசிட்டோனின் ஆவி சுழியத்துக்கு 20 டிகிரி கீழேயே தீப்பற்றும் நிலையில் இருக்கும். திறந்த வெளி, அல்லது மூன்று பக்கம் காற்றோட்டமுள்ள கொட்டகைதான் சரி. மூடிய அறையில் வேண்டாம். தரையில் படியும் வெள்ளைப் பொடியும் நைட்ரோசெல்லுலோஸ்தான், சீக்கிரம் பற்றிக்கொள்ளும். அதை நனைத்துத் துடையுங்கள், கூட்டிக் குவித்து வைக்காதீர்கள். துடைத்த துணிகளை விரித்துக் காயவிட்டு அப்புறம் எறியுங்கள்.

4. மரத்தைத் தயார் செய்வது

120-ல் தொடங்கி 180, பிறகு 220 உப்புத்தாள், இழையோட்டத்தின் திசையிலேயே. அதற்கு மேல் வழவழப்பாக்கத் தேவையில்லை. ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்தால் மரத்தின் மயிர் எழும்பும், காய்ந்ததும் 220-ல் லேசாகத் தடவிவிடுங்கள்.

மஹோகனி, ஆஷ் மாதிரி துளையுள்ள மரமென்றால் துளை நிரப்பி போட வேண்டும். மேப்பிளுக்கும் ஆல்டருக்கும் வேண்டியதில்லை. நான் மஹோகனிக்குப் போடாமல் "லேக்கரே நிரப்பிக்கொள்ளும்" என்று விட்டேன். நிரப்பியது, கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு மாதம் கழித்து லேக்கர் சுருங்கி ஒவ்வொரு துளையும் ஊசிக் குத்து போல மேலே தெரிந்தது. நிரப்பி காய, தாளில் சொன்ன நேரத்தைவிட ஒரு நாள் கூடவே விடுங்கள்.

கழுத்து பொருந்தும் குழிக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அங்கே லேக்கர் ஏறினால் கழுத்து உட்காராது. ரோஸ்வுட் விரல்பலகையையும் நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டு) உட்காரும் பள்ளத்தையும் மூடிவிடுங்கள். பாடியைப் பிடிக்க, கழுத்துக் குழியின் திருகு ஓட்டைகளில் ஒரு நீளக் கட்டையை முடுக்கிவிட்டால் அதுவே கைப்பிடி, தொங்கவிடவும் அதுவே.

கடைசியாக நாஃப்தாவால் (எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் பெட்ரோலியக் கரைப்பான்) துடைத்துவிடுங்கள். இதற்குப் பிறகு வெறுங்கை படக் கூடாது. வீட்டில் சிலிக்கான் கலந்த மரப் பாலிஷோ கார் பாலிஷோ தெளித்திருந்தால் அந்தப் பக்கமே பாடியைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு துளி பட்டாலும் லேக்கர் அங்கே விலகி வட்டமாகக் குழியும். மீன்கண் என்பார்கள். வந்த பிறகு மேலே மேலே அடித்தால் மூடாது.

5. கலப்பது

தொடக்கத்துக்கு ஒன்றுக்கு ஒன்று, அதாவது பாதி லேக்கர், பாதி தின்னர். ஏற்கெனவே கன்னுக்கென்று தளர்த்திய லேக்கராக இருந்தால் இவ்வளவு வேண்டியதில்லை, தாளைப் பாருங்கள். கண்ணளவு வேண்டாம். கோடு போட்ட கலக்கும் கோப்பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தடவை நான் கண்ணளவில் கலந்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதத்தில் அடித்தேன், எந்த நாள் ஏன் நன்றாக வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

பதம் பார்க்க ஃபோர்டு 4 கோப்பை என்று ஒன்று உண்டு. அடியில் ஓட்டை உள்ள சின்னக் கோப்பை. நிரப்பிவிட்டு, கீழே விழும் ஓட்டம் கம்பியாக இருந்து அறுந்து சொட்டாகும்வரை எத்தனை வினாடி என்று எண்ண வேண்டும். நான் பார்த்த தாள்களில் 15-க்கும் 20-க்கும் இடைப்பட்ட எண்தான் இருந்தது. கோப்பை இல்லையென்றால், கலக்கிய குச்சியைத் தூக்கிப் பாருங்கள். நூலாகக் கொஞ்சம் ஓடிவிட்டு உடனே சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். இழுபட்டுத் தொங்கினால் கெட்டி, எடுத்ததும் தண்ணீராகக் கொட்டினால் தளர்வு.

எடுத்த எடுப்பில் வேகமாகக் கிளறினால் குமிழி ஏறும். மெதுவாகக் கலக்கி, வடிகட்டித் தாளில் வடித்து, பத்து நிமிடம் சும்மா வைத்துவிட்டுக் கன்னில் ஊற்றுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நோட்டுப்புத்தகத்தில் எழுதுங்கள்: தேதி, வெப்பம், ஈரப்பதம், விகிதம், வினாடி, அழுத்தம்.

ரிட்டார்டர் என்ற மெதுவாக ஆவியாகும் கரைப்பான் தனியாகக் கிடைக்கும். வெயில் கடுமையாக இருந்து லேக்கர் பலகையைத் தொடும் முன்பே காய்ந்து சொரசொரப்பானால், அல்லது ஈரப்பதம் எல்லையில் இருந்தால், கலவையில் நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்க்கலாம், மிஞ்சினால் பத்து. அதற்கு மேல் போனால் வாரக்கணக்கில் நகம் பதியும் அளவுக்கு மென்மையாகவே இருக்கும்.

6. நாள் பார்ப்பது

என் முதல் கிட்டார் போனது இங்கேதான். மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், இருட்டுவதற்குள் ஒரு கோட் போட்டுவிடலாம் என்று அடித்தேன். ஈரமாக இருக்கும்போது பளபளவென்றுதான் இருந்தது. இரண்டு நிமிடத்தில் ஓரத்திலிருந்து மூடுபனி மாதிரி வெள்ளை பூத்துப் பலகை முழுக்கப் பரவியது.

தின்னர் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் அதிகமென்றால் அந்தக் குளிர்ச்சியில் நீர் கோத்து லேக்கருக்குள் மாட்டிக்கொள்கிறது. ஒரு எளிய கணக்கு உண்டு: ஈரப்பத சதவீதத்தை 100-லிருந்து கழித்து 5-ஆல் வகுங்கள். பரப்பு எத்தனை டிகிரி குளிர்ந்தால் நீர் பிடிக்கும் என்பது தோராயமாக அந்த எண்தான். 80 சதவீதம் என்றால் வெறும் 4 டிகிரி, தின்னர் அதைச் சுலபமாகக் குளிர்வித்துவிடும். 50 என்றால் 10 டிகிரி, பயமில்லை. நான் இப்போது 60-க்கு மேல் கன்னைத் தொடுவதில்லை. வெப்பம் 20-லிருந்து 28 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. காலை நடுப்பகுதியில் தொடங்குங்கள், சாயங்காலம் ஈரப்பதம் ஏறும். ஈரமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

சரி, பூத்துவிட்டது, என்ன செய்வது? தேய்க்காதீர்கள். நான் தேய்த்துத்தான் கெடுத்தேன். அப்படியே விட்டுவிட்டு, காய்ந்த நாள் ஒன்றில் ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லிய தூவலாக ஒரு சுற்று அடியுங்கள். லேக்கர் மறுபடி இளகி ஈரத்தை வெளியே விட்டுவிடும், வெள்ளை மறையும்.

7. அடிப்பது

அழுத்தத்தை 25 முதல் 30 பி.எஸ்.ஐ. வரை வையுங்கள், விசையை அழுத்திக்கொண்டே பார்க்க வேண்டும், விட்டபடி பார்த்தால் எண் பொய் சொல்லும். கம்ப்ரஸருக்கும் கன்னுக்கும் நடுவில் நீர்ப்பிரிப்பான் கட்டாயம். முதலில் அட்டையில் அடித்துப் பாருங்கள். தூவல் நீள்வட்டமாக, நடுவும் ஓரமும் ஒரே சீராக இருக்க வேண்டும்.

பலகையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தூரம், ஏறக்குறைய ஒரு விரித்த சாண். மணிக்கட்டைச் சுழற்றாதீர்கள், தோளோடு கை முழுவதும் போக வேண்டும். மணிக்கட்டு திரும்பினால் நடுவில் கனமாகவும் ஓரத்தில் பொடியாகவும் விழும். பாடியின் ஓரத்துக்கு வெளியே விசையை அழுத்தி, மறு ஓரம் தாண்டிய பிறகு விடுங்கள். ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். விளிம்புகளை முதலில், பிறகு பக்கங்கள், பின்புறம், கடைசியில் முன்புறம்.

ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்து அதன் பிரதிபலிப்பைப் பார்த்தபடி அடியுங்கள். தூவல் விழுந்ததும் பிரதிபலிப்பு முதலில் மங்கி, சில வினாடியில் ஒன்றுசேர்ந்து தெளிவாக வேண்டும். தெளிவாகவே இல்லையென்றால் கை வேகம் அதிகம் அல்லது தூரம் அதிகம். ஆரஞ்சுத் தோல் போல மேடு பள்ளமாக நின்றால் பதம் கெட்டி, இன்னும் கொஞ்சம் தின்னர். வழிந்தால் விட்டுவிடுங்கள், விரலால் தொட வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு பிளேடால் சுரண்டி எடுக்கலாம்.

சீலர் இரண்டு கோட், மறுநாள் 320-ல் லேசாகத் தேய்த்துவிட்டு லேக்கர். ஒரு நாளைக்கு மூன்று கோட்டுக்கு மேல் வேண்டாம், இடையில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். மூன்று நாளில் ஒன்பது கோட். இரண்டாம் நாள் தொடங்கும் முன் 400-ல் மேட்டை மட்டும் தட்டிவிடுங்கள், விளிம்புகளில் கையே வைக்காதீர்கள். கடைசிக் கோட்டுகளில் தின்னர் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பரப்பு தானாகச் சமன்படும். ஒவ்வொரு நாளும் முடிந்ததும் கன்னை உடனே கழுவுங்கள், "அப்புறம் பார்க்கலாம்" என்றால் ஊசி ஒட்டிக்கொள்ளும்.

8. காத்திருப்பது

தொட்டால் ஒட்டாதது அரை மணி நேரத்தில். காய்ந்தது நான்கு வாரத்தில். நடுவில் செய்வதற்கு ஒன்றுமில்லை, தூசியில்லாத காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள், வெயிலில் வேண்டாம். காய்ந்துவிட்டதா என்று பார்க்க மூக்கை ஒட்டி வைத்து முகருங்கள். தின்னர் வாசனை இருந்தால் இன்னும் காயவில்லை. நான் பத்தாவது நாள் பொறுமை இழந்து பாலிஷ் போட்டேன். அன்று கண்ணாடி, அடுத்த மாதம் உப்புத்தாள் கோடுகளெல்லாம் மறுபடி தெரிந்தன.

9. தேய்த்துப் பாலிஷ் போடுவது

நீர்த்தாள் 800, 1000, 1500, 2000 என்ற வரிசையில், தட்டையான ரப்பர் கட்டையில் சுற்றி. தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு. பளபளக்கும் புள்ளிகள் எல்லாம் மறைந்து ஒரே மங்கலாகும்வரை 800-ஐ விடாதீர்கள், ஆனால் விளிம்புகளில் 1000-க்குக் கீழே போகவே வேண்டாம், இரண்டே இழுப்பில் மரம் தெரிந்துவிடும். திருகு ஓட்டைகளைச் சுற்றித் தண்ணீர் இறங்கினால் மரம் உப்பி லேக்கர் வெடிக்கும். அந்த இடங்களில் தண்ணீருக்குப் பதிலாக நாஃப்தா தொட்டுத் தேயுங்கள். பிறகு தேய்ப்புப் பசை, முதலில் நடுத்தரம், அப்புறம் மென்மையானது. மெஷின் பஃப் என்றால் ஒரே இடத்தில் நிற்காதீர்கள், சூட்டில் லேக்கர் இளகிவிடும்.

10. பூட்டுவது

திருகு ஓட்டைகளின் வாயை, பெரிய துளைப்பானைக் கையால் திருகி லேசாக அகலப்படுத்துங்கள். இல்லாவிட்டால் திருகு ஏறும்போது லேக்கர் சில்லாகப் பெயரும். திருகுக்கு மெழுகு தடவுங்கள்.

முடிந்த கிட்டாரை எந்த ஸ்டாண்டில் வைக்கிறீர்கள் என்று பாருங்கள். ரப்பரும் வினைலும் என்.சி. லேக்கரோடு வினைபுரிந்து அதை இளக்கிவிடும். என் இரண்டாவது கிட்டார், எல்லாம் சரியாக வந்த அந்தக் கிட்டார், ஸ்டாண்டில் மூன்று வாரம் இருந்தது. இப்போதும் பின்பக்கக் கீழ் விளிம்பில் ரப்பர் தாங்கியின் வரிவரியான அச்சு இருக்கிறது. பருத்தித் துணியைச் சுற்றிவிட்டு வையுங்கள், அல்லது பெட்டியிலேயே வையுங்கள்.